சாளை என்று பெயர் வைத்த வீடு

உச்சிப்புளி பூங்கோதைக்குப் பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வயிற்றைப் புரட்டும். வேலை பார்க்கும் கீழக்கரைக்கு ராமநாதபுரம் போய் மாறித்தான் போக வேண்டும். போக ரெண்டு, வர ரெண்டு என்று ஒரு நாளைக்கு நாலு பஸ், பஸ்ஸுக்கு ஒரு எலுமிச்சம்பழம். மோந்து மோந்து அவள் மூக்குநுனியே மஞ்சளாகிவிட்டது என்று புருசன் பாண்டித்துரை சொல்வான்.

ஆகையால் இஞ்சினியர் வாவு முகம்மது, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார் என்று சொன்னபோது அவளுக்குக் கோயில் பூசாரி குங்குமம் கொடுத்த மாதிரி இருந்தது. திங்கள், புதன், வெள்ளி வீடு. மற்ற மூன்று நாள் ஆபீஸ். வேலை, புது வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆறு மாதம் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுக்கொண்டது. ஆளைப் பார்த்துப் பேச வராது. ஆனால் ஒரு சுவர் அரை அடி தள்ளியிருந்தால் கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தும்.

இஞ்சினியர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்.

"வீட்டுல போட்டது ஆபீஸ்லயும் இருக்கணும். ஆபீஸ்ல போட்டது வீட்டுலயும் இருக்கணும். ஒரு படம் காணாமப் போச்சுன்னா ஒன்னோட மூணு நாளும் காணாமப் போயிரும், பாத்துக்க."

பூங்கோதை வீட்டில் நெட் கிடைக்க வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணித் தொட்டி மேல் ஏற வேண்டும். அதனால் எல்லாம் பென் டிரைவில்தான் போய்வரும். முதல் பென் டிரைவ் தோசைமாவுக்குள் விழுந்து மறுநாள் மாவோடு புளித்துக் கிடந்தது. இரண்டாவதைப் பாண்டித்துரை தன் ஷேர் ஆட்டோவுக்கு எடுத்துப்போய், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுக் கரகாட்டப் பாட்டு ஏற்றிவிட்டான். நல்லவேளை, இரண்டு தடவையும் ஆபீசில் நகல் இருந்தது. மூன்றாவதை அவள் தாலிச் செயினில் ஊக்குகளோடு ஊக்காகக் கோத்து மாட்டிவிட்டாள். அங்கிருந்து எவன் எடுப்பான்?

சிக்கல் ஒன்றுதான். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெட்டி தரையில் இருக்கும். அதில் பென் டிரைவைச் சொருகினால் கழுத்தும் சேர்ந்து சொருகின கணக்குதான். நகல் ஏறி முடிகிறவரை பிளாஸ்டிக் ஸ்டூலில் குனிந்து, முளைக்குச்சியில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் யாராவது வந்தால் கையால் மட்டும் வணக்கம் சொல்வாள்.

இன்னொரு சிக்கல் யாருக்கும் தெரியாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காலம் தெரியாது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், எப்போது போட்டாலும் 2011 ஜனவரி ஒன்றாம் தேதி என்றே காட்டும். தேதியைப் பார்த்து எது புதுசு எது பழசு என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே அவளாக ஒரு முறை வைத்துக்கொண்டாள். யாருடைய கட்டடமோ அதோடு அன்றைக்கு என்ன கறியோ அதையும் சேர்த்தால் படத்தின் பெயர். மதார் கடை கணவாய். மதார் கடை நகரை. வெள்ளிக்கிழமையென்றால் மதார் கடை முருங்கைக்காய் சாம்பார். தேதி மறந்தாலும் எந்தக் கறிக்குப் பின் எந்தக் கறி தின்றோம் என்பது அவளுக்கு மறக்காது. தாளின் மூலையில் படத்தின் பெயரும் விழும் என்பதால், பிரிண்ட் போடுவதற்கு முன் கறியை மட்டும் அழித்துவிடுவாள். அதனால் வெளியே வாசனை போனதில்லை.

அப்போதுதான் லாமியா வீடு வந்தது. லாமியாவின் மாப்பிள்ளை தோஹாவில் வேலை. மூன்று மாதமாக லாமியாவும் மாமியார் சுலைகாவும் அடுப்படியை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். மருமகள் கிழக்கே வைக்கச் சொன்னால் மாமியார் கொல்லைப்புறம் என்பார். பதினேழு படம். ஒரு திங்கட்கிழமை பூங்கோதை வீட்டிலிருந்து போட்டதற்கு, அன்றைய மீன் கறிப்படி, லாமியா வீடு சாளை என்று பெயர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆபீசில் அந்தச் சாளையை ஏற்றித் திறந்தாள். மாமியாரும் மருமகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அல்லாவே என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுப்படி வடகிழக்கே, பக்கத்திலேயே சாமான் அறை என்று பூங்கோதை அங்கேயே திருத்திப் போட்டாள். சுலைகா சந்தோசத்தில் ஸ்கிரீனைப் போனில் படம்கூட எடுத்தார். மத்தியானம் பூங்கோதை தூக்குவாளியைத் திறந்தாள். முந்தின நாள் சாளைக் கொழம்பு, ஊறி அமிர்தமாக இருந்தது. சாப்பிட்ட கையோடு படத்தைச் சேமித்தாள். பெயர்? சாளைதானே.

சாயங்காலம் பென் டிரைவில் ஏற்றும்போது, இதே பெயரில் ஒன்று இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'சாளைதான் ஏற்கனவே இருக்கே' என்று மாற்றாமல் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். வியாழக்கிழமை காலையில் பென் டிரைவில் உள்ளதையெல்லாம் ஆபீசில் கொட்டினாள். கம்ப்யூட்டர் மறுபடி அதையே கேட்டது. இப்போது, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கினாள். பழைய சாளை புதுச் சாளையை முழுங்கியது.

பதினோரு மணிக்கு லாமியாவும் சுலைகாவும் வந்தார்கள். லீவில் வந்திருந்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கே தோஹா பயணம். ரெண்டு மணிக்குக் கிளம்புகிற வழியில் இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பென் டிரைவை இன்னும் கழற்றாத பூங்கோதை ஸ்டூலில் குனிந்தபடி, கழுத்து கீழே, கை மேலே மவுசில் என்று படத்தைத் திறந்தாள்.

"அடுப்படி எங்க?" என்றார் சுலைகா.

கக்கூசுக்கு எதிரே, பழைய இடத்தில் இருந்தது.

"பூங்கோதை, வேற எதையோ தொறந்துட்ட. புதுசத் தொற" என்றார் இஞ்சினியர். அவள் அசையாததைப் பார்த்து அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வாசித்தார். "லாமியா வீடு முரல். லாமியா வீடு பாறை. லாமியா வீடு கத்திரிக்காய் புளிக்கொழம்பு... என்னத்தா இது?"

பூங்கோதைக்குக் குரல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. லாமியா ஸ்டூலுக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டு, மேலே இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். "கறி பேரு வச்சிருக்காங்களாம். திங்களும் சாளையாம், செவ்வாயும் சாளையாம். பழசு புதுச அழிச்சிருச்சாம்."

"ரெண்டு நாளுமா சாளை?" என்றார் சுலைகா. "ஏம்புள்ள, ஒம் புருசனுக்கு வேற மீனே தெரியாதா?"

"பழைய கொழம்பும்மா" என்றது கீழேயிருந்து ஒரு சத்தம்.

"ஆமா, அது மறுநாத்தான் ருசி" என்று சுலைகா ஒப்புக்கொண்டார்.

இஞ்சினியர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் என்ன சொன்னேன் ஒன்கிட்ட? நாளையில இருந்து தினம் இங்கன வந்து உக்காரு" என்றார். வாரத்துக்கு இன்னும் பன்னிரண்டு எலுமிச்சம்பழமும் இரண்டு பஸ் ஸ்டாண்டும் பூங்கோதையின் கண் முன்னால் வந்து போயின.

"சும்மா இரு தம்பி. புள்ளைய அழ வைக்காத" என்று சுலைகா தன் போனை எடுத்தார். செவ்வாய்க்கிழமை எடுத்த ஸ்கிரீன் படம் அதில் இல்லை. பேரன் அழித்துவிட்டான். ஆனால் அன்றைக்கே சொந்தக்காரர்கள் குழுவில் அனுப்பியிருந்தார். நாற்பத்துமூன்று பேர். "அந்த அடுப்படிய யாராச்சும் திருப்பி அனுப்புங்கத்தா" என்று குரலில் போட்டார்.

தோஹாவிலிருந்து வந்தது. கொழும்பிலிருந்து வந்தது. மலேசியாவிலிருந்து மச்சினி, படத்தோடு, அடுப்படி இவ்வளவு பெரிசு எதுக்கு என்று கேள்வியும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதினொரு அடுப்படி. பூங்கோதையின் பின்னல் பாதி மறைத்திருந்தாலும் அளவெல்லாம் படிக்க முடிந்தது. அவள் பென் டிரைவைப் பிடுங்கப் பயந்து, கழுத்தைக் கட்டிப்போட்டபடியே கோடு போட ஆரம்பித்தாள்.

ஒரு மணிக்குச் சுலைகா வீட்டிலிருந்து மகனின் பயணத்துக்கு ஆக்கிய பிரியாணி வந்தது. "வாயத் தொற" என்று அவரே ஒரு கவளம் ஊட்டினார். ஊட்ட ஊட்டச் சுவர்கள் எழும்பின. ரெண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேமித்துப் பிரிண்ட் கொடுத்தாள். வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பிறகுதான் தாளின் மூலையைப் படித்தார்.

"லாமியா வீடு பிரியாணி. மாமா, இது என்ன?"

அவசரத்தில் கறியை அழிக்க மறந்திருந்தாள். இஞ்சினியர் தலையில் கை வைத்தார்.

"இருக்கட்டும் மாமா. இனி வேற படத்தக் கொண்டுவந்து இதுதான்னு சொல்ல முடியாதுல்ல" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

இஞ்சினியர் அந்தத் தாளின் மூலையில் இருந்த கறியை விரலால் தொட்டுக் காட்டினார். "எந்தக் கறிக்கு அப்பறம் எந்தக் கறின்னு எல்லாம் ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"மூணு மாசத்துக்கு இருக்கு சார்."

"சரி, மூணு நாளும் இருந்துட்டுப் போகட்டும். ஒரு பேட்டரி வாங்கிப் போடு. பழைய கொழம்ப ஆபீசுக்குக் கொண்டாராத."

பேட்டரி போட்டாயிற்று. வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது இந்த வருசத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் பூங்கோதைக்குத் தேதியின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் பாண்டித்துரை ஆட்டோவிலிருந்து மீன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"வேற மீனு வாங்கிட்டு வாங்க. சாளை இருக்கு."

"எங்கன இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."