பங்குனியில் பாடிப் போனவள்

முந்திரியும் மாவும் ஒருசேரப் பூக்கும் மாசிக் கடைசியில் ஆவூர்ப் பக்கமே மணக்கும். மெர்லினுக்கு அந்த மணம் வந்தாலே நெஞ்சு அடைக்கும். காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில், அறுத்த வயல்களிலிருந்து பறக்கும் தூசி. எல்லாம் சேர்ந்து இழுப்பைக் கிளப்பி அவளைச் சித்திரை வரை உட்கார்ந்தே தூங்க வைக்கும்.

அவள் திருச்சி சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தாள். பள்ளியில் படித்தபோது மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள். கல்யாணமாகி ஒரு பெண் பிறந்த பிறகும் பொன்னுத்தாய் நடத்திய பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். ஆனால் திருவிழாப் போட்டிகள் எல்லாம் பங்குனியில்தான் வரும். வருசா வருசம் அப்போது அவள் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பாள்.

அவள் கணவன் சார்லஸ் டைல்ஸ் ஒட்டுகிறவன். நல்ல மனிதன், பயந்த மனிதன்.

"ஒனக்கு எதுக்குப் புள்ள இந்த ஆட்டம்? ரெண்டு மாசம் பேசாம வீட்டுல கெட."

"இழுப்புக்கு வாயில பம்பு மட்டும் அடிச்சிராத, பழகிரும்" என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். அதைக் கேட்டு, கடையில் கிடைத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கண்ணாடியில், அந்த மாத்திரையால் முகம் வீங்கித் தெரிந்தது. அன்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கிருந்த பெண் டாக்டர் மருந்தை மூச்சோடு இழுக்கும் இரண்டு பம்புகள் கொடுத்தார். ஒன்று தினமும் இழுப்பதற்கு, இன்னொன்று மூச்சு முட்டும்போது.

"கபடி ஆடலாமா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மொதல்ல இத விடாம எடுங்க. மறுபடி வாங்க, குழாய்ல ஊத வச்சு மூச்சப் பாத்துட்டுச் சொல்றேன்."

மெர்லின் விடவில்லை. தண்ணீர் தெளிக்காமல் வாசல் பெருக்குவதை நிறுத்தினாள். வண்டியில் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாள். மருந்து இழுத்ததும் மறக்காமல் வாய் கொப்பளித்தாள். பங்கில் எல்லார் முன்னாலும் பம்பை எடுத்தபோது மேனேஜர் முகம் சுளித்தார்.

"கஸ்டமர் பாக்குறாங்கம்மா. ரூமுக்குப் பின்னாடி போயி அடி."

"மூச்சு இங்கதான சார் முட்டுது" என்றாள், நகராமல்.

அடுத்த முறை ஊத வைத்துப் பார்த்த டாக்டர், ஆடலாம் என்றார். களத்தில் இறங்கக் கொஞ்சம் முன்னால் அந்த இரண்டாவது பம்பை இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பங்குனியில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு போட்டி. அரையிறுதிக்கு முன் மெர்லின் மைதான ஓரத்தில் நின்று பம்பை இழுத்தாள். எதிரணியில் யாரோ பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்ல, விழாக் கமிட்டிக்காரர் வந்தார்.

"மருந்து அடிச்சிட்டு ஆடக் கூடாது. ஒக்காரும்மா."

"இது வெறி ஏத்துற மருந்து இல்லைங்க. உங்களுக்கு வர்ற மூச்சு எனக்கும் வர்றதுக்கு."

"நோயாளிக்கு எதுக்குக் கபடி?"

சார்லஸ் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "வா, போயிரலாம்." அவள் கையை உதறினாள்.

"அந்தா, பாயிண்ட் எழுதுறவரு கண்ணாடி போட்டிருக்காரு. அவர அதக் கழட்டிட்டு எழுதச் சொல்லுங்க, நானும் உக்காந்துர்றேன்."

கூட்டம் சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தார். நடுவர், "ஆடட்டும் விடுங்க, நேரமாகுது" என்றார்.

மெர்லின் கோட்டைத் தாண்டி "கபடி கபடி" என்று பாடிப் போனாள். வெயிலில் புழுதி கிளம்பியது. மூச்சு அறுபடவில்லை. இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடி போனாள், ஒருத்தியைத் தொட்டாள். கடைசியாகப் பாடிப் போனபோது மூலையில் மாட்டிக்கொண்டாள். நான்கு பேர் அமுக்கியபோதும் அவள் வாய் கபடி சொல்லிக்கொண்டேயிருந்தது. ஒரு புள்ளியில் மெர்லினின் அணி தோற்றது.

முட்டியில் ரத்தத்தோடு வந்தவளைப் பொன்னுத்தாய் விடவில்லை.

"அந்த மூலைக்கு எவளாச்சும் போவாளாடி? காலை அகட்டி வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

இத்தனை வருசமாக எல்லாரும் அவள் நெஞ்சைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். முதல் தடவையாக ஒருத்தி அவள் ஆட்டத்தைத் திட்டுகிறாள். மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்த போட்டி எங்கக்கா?" என்று கேட்டாள்.