நடுவில் தெளியாத அண்டா

குருவம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போன புருஷன் திரும்பாததால், குற்றாலத்தில் ஒரு சீசன் விடுதிக்குத் தண்ணீர் சுமந்து பிழைத்தாள். நாளுக்கு நாற்பது குடம். நடுவே நின்று பேசச் சொன்னால் கால் மாற்றிக் கால் மிதிப்பாள்.

1934ஆம் வருஷம் ஆனி மாதம் மலையில் மூன்று நாள் விடாத மழை. சிற்றாறு செம்மண்ணாக ஓடியது. விடுதி மேற்பார்வை வல்லிநாயகம் காலையிலேயே அவளைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் தூத்துக்குடியில இருந்து இருபது பேரு வருதாவ. குடிக்கத் தெளிஞ்ச தண்ணி வேணும். முடியலேன்னா சொல்லிரு. பரீது தென்காசிக் கிணத்துத் தண்ணிய வண்டியில கொண்டாரேன்னு நிக்கான்."

பரீதின் வண்டி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அவளுக்கு வேலையில்லை.

"தெளிய வச்சிருதேன் அண்ணாச்சி" என்றாள்.

வீட்டில் செய்வதைத்தான் செய்தாள். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையை அண்டாவின் உட்சுவரில் உரசிப் பூசினாள். கலங்கக் கூடாதே என்று தண்ணீரைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினாள். வீட்டுக் குடத்தில் ஒரு நாழிகையில் தெளிந்துவிடும்.

ஒரு நாழிகை போயிற்று. சுவரை ஒட்டி விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. நடுவில் அதே செம்மண்.

சுவரில் பூசியது தானாக நகர்ந்து நடுவுக்குப் போக வேண்டும். குடத்தில் அது ஒரு சாண் தூரம். தண்ணீரைச் சடசடவென்று கொட்டும்போதே கலந்தும்விடும். அண்டாவில் மூன்று சாண், ஊற்றியதோ மெல்ல. தூரம் மூன்று மடங்கானால், அசையாத தண்ணீரில் அது போய்ச் சேரும் நேரம் ஒன்பது மடங்காகும். இந்தக் கணக்கு குருவம்மாளுக்குத் தெரியாது. நடுவுக்குப் போய்ச் சேரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அகப்பையை எடுத்துக் கலக்கினாள்; கை நிற்கவில்லை.

சமையல்காரி பேராச்சி வந்து பார்த்தாள். "ஏட்டி, தண்ணிக்குப் பேய் புடிச்சிருக்கா? இந்த ஆட்டு ஆட்டுதியே!"

"போய்ச் சேரணும்லா!"

"சேந்து முடிஞ்சிட்டு. இனி மண்ணு கீழ எறங்கணும். நீ விட்டாத்தானே எறங்கும்? அகப்பையக் குடு."

குருவம்மாள் கொடுத்தாள். கலக்கினால்தான் சேரும், விட்டால்தான் படியும். இரண்டாவது பாதிதான் அவளுக்கு ஆகாதது. முற்றத்துக்கும் அண்டாவுக்குமாக நடந்தாள். எட்டிப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு வல்லிநாயகம் செம்போடு வந்து அண்டாவுக்குள் கையை விடப் போனார். குருவம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதிய அண்ணாச்சி!"

"யாரை அதட்டுதே?"

"உங்களத்தான். இப்ப கைய விட்டியன்னா மறுபடி மண்ணு எழும்பிரும். பரீதக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. தண்ணிய மட்டும் கலக்காதிய."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பரீதைக் கூப்பிட வாசலுக்குப் போகவுமில்லை, அங்கேயே நின்றார். அவளும் நின்றாள். அரை மணி நேரம், கால் மாற்றாமல்.

பிறகு மேல்தண்ணீரை அவளே மொண்டாள். அண்டாவில் முக்கால் பங்குதான் தேறியது. அடியில் நாலு விரல் சேறு. மொண்டதைத் துணியில் வடிகட்டி, காய்ச்ச அடுப்பில் ஏற்றினாள். வல்லிநாயகம் ஒரு செம்புத் தண்ணீரை வெளிச்சத்தில் வைத்து, உள்ளே அடிவரை பார்த்தார்.

"பரீத வர வேண்டாம்னு சொல்லிருதேன்" என்று திரும்பினார். கேட்க அவள் அங்கே இல்லை. அடுத்த அண்டாவுக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போய்விட்டாள்.