அக்கா விற்ற மாடு

பால் வெள்ளையாக இருந்தால் நல்ல பால் என்று நம்புகிற ஊரில் பிறந்தவள் நான். படித்ததோ பாலுக்குள் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற படிப்பு. மடிநோய் வெளியே தெரிவதற்கு முன்பே மாட்டின் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிடும். அதற்கென்றே சில புரதங்கள் பாலில் கூடும். எவை கூடுகின்றன, கூடி என்ன வேலை செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. மாதிரிக்காகக் கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டு மாட்டிலும் பால் எடுத்தேன். முடிவைப் பார்த்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குதித்தேன். நோய் அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். வைத்தியம் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கோ, வெளியே தெரியும் முன்னே தள்ளிவிடத் தோன்றியிருக்கிறது. அடுத்த சந்தைக்கே மாட்டை வேலந்தாவளத்துக்கு ஓட்டிவிட்டாள். தடுக்கலாம் என்று பஸ் பிடித்து ஓடினேன். அதற்குள் வாங்க வந்த ஒரு பெண் எங்கள் மாட்டைக் கறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். அவளிடம் இருந்த ஒரே மாடும் செத்துப்போயிருந்தது.

"என்ற தங்கச்சிங்க. பாலைப் பத்தித்தான் ஆராய்ச்சியே பண்றா" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, மாடு நல்லாயிருக்குங்களா?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல மாடுங்க" என்றேன்.

மாடு கைமாறித் திரும்பும்போது அக்கா மேல் கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பொய் சொன்னது என் வாய்.

நோய் முற்றும்போது புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க, அதே மாட்டின் பால் மறுபடியும் வேண்டும் என்றார் என் பேராசிரியர். விசாரித்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மாட்டுக்கு ஒரு காம்பு அடைத்தே போயிருந்தது. மற்றவற்றிலும் பால் திரிதிரியாக வந்ததால் சொசைட்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க நல்ல மாடுன்னுதானுங்க சொன்னீங்க. நாந்தான் கையை ஒழுங்காக் கழுவாமக் கறந்து கெடுத்துப்போட்டனுங்க" என்று கண்ணைத் துடைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

"இனிமேலாவது நல்லாக் கழுவிட்டுக் கறங்க" என்று சொல்லி, பாலுக்குப் பாட்டிலை நீட்டினேன்.