சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறவள்

நட்டைக் கழற்றி, ஏரி மதகின் இரும்புச் சக்கரத்தை உருவி, 'யா அல்லா' என்று தோளில் ஏற்றிக்கொள்கிறாள் பிய்பத்மா. காலையில் தண்ணீர் அளவுக்கம்பைப் பார்த்து, தேவையென்றால் கால் சுற்று திருப்பி முடித்ததும் தினமும் இதுதான். சக்கரம் இல்லாமல் மதகை யாராலும் திறக்க முடியாது. முய்னாக் ஊரில் நடந்த என் தங்கை கல்யாணத்துக்குக்கூட அதை மாவுச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்து, நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் ஆடினாள். பக்கத்து வீட்டுக்காரி என்று அவளை அழைத்திருந்த எனக்கு எரிச்சலாக இருந்தது.

"என்னக்கா, மாப்பிள்ளைக்குப் பரிசா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஆமாடி, அவரு காருக்கு ஒரு சக்கரம் குறையுதாம்ல" என்றாள்.

கடல் விலகிப்போன பிறகு, ஆமு ஆற்றின் கடைமடையில் கரை போட்டு மீட்ட ஏரி இது. நாணலுக்கு நடுவே, அலகில் பை தொங்கும் கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அதற்குள் தண்ணீர் இரண்டு சாண் இறங்கினால் போதும், சேறு இறுகி, நரிகள் கூடு வரைக்கும் நடந்தே போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்பு அப்படித்தான் போயின. அன்று மதகைத் திறந்துவிட்டவள் இவளேதான். கொழுந்தன் சபர்நியாஸின் மாடுகளுக்குப் புல் இல்லையே என்று மனம் இளகிவிட்டாள். ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், தேநீருக்குப் பால் போதுமா என்று கேட்பாள்.

இந்த வருடமும், மதகுத் தண்ணீர் பாயும் கீழ்ப்புல்வெளி காய்ந்துவிட்டது. நேற்றுக் காலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சபர்நியாஸ் எலும்பும் தோலுமான தன் மாட்டோடு வந்து கரையில் அவளை மறித்தான்.

"ரெண்டே சுத்து, அண்ணி."

"அன்னிக்கும் ரெண்டே சுத்துன்னுதான் சொன்னே."

"அந்தப் பைவாயனுங்களா உங்களுக்குப் பால் கறக்கப் போவுது? நம்ம மீனையுமில்ல தின்னுது!"

"நீயுந்தான் திங்கிற. உன்னை விரட்டிட்டேனா?"

அவன் சிரிக்கவில்லை. "இது செத்துப்போயிரும், அண்ணி" என்றான்.

பிய்பத்மா அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். பனிக்காலத்துக்கென்று தன் பசுவுக்காகச் சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு புல்போர். அதன் வேலிக் கம்பை ஒற்றைக் கையால் பிடுங்கி எறிந்து, மாட்டை உள்ளே விட்டாள். மற்றக் கை, தோளில் இருந்த சக்கரத்தை விடவே இல்லை.