வண்டு போகுமட்டும்

புல்மோட்டைக்குப் போகும் வழியில் ஒரு தேக்கங்காடு. வெட்ட வேண்டிய மரங்களுக்கு ஏற்கெனவே அடையாளம் போட்டாயிற்று. வெட்டிய மரத்தை ரக்டர் எந்த வழியால் இழுத்து வருவது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. முன்பெல்லாம் ரக்டர் கண்டபடி ஓடி, நிற்க வேண்டிய கன்றுகளையும் ஓடைக் கரையையும் சேர்த்து நாசமாக்கிவிடும். இப்போது நான் ட்ரோனை மேலே அனுப்பிப் படம் எடுத்து, ஆகக் குறைந்த சேதத்தோடு போகக்கூடிய பாதையைக் கீறிக் கொடுப்பேன். ரக்டர் ஓட்டுகிற அண்ணை அந்த வழியை நடந்து பார்த்துச் சிவப்பு நாடா கட்டுவார்.

அண்ணை மூதூர்க்காரர். என் ஊரும் அதற்குக் கிட்டத்தான். நல்ல பகிடிக்காரர். ஆனால் நான் ட்ரோனைக் கிளப்பும்போதெல்லாம் போய் ரக்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பார்.

“ஏன் அண்ணை சும்மா டீசலை எரிக்கிறியள்?”

“எஞ்சின் சூடாக வேணும், பிள்ளை.”

“இந்த வெயிலிலயோ?”

சிரித்து மழுப்பிவிடுவார். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. “உங்களோட மாரடிக்க ஏலாது” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அன்று காலை ஓடையோரத்து வளைவு ஒன்றில் எனக்குச் சந்தேகம். அண்ணை நாடா கட்டப் போன பிறகு, அதை இன்னொருமுறை பார்க்க ட்ரோனை அனுப்பினேன். தேக்கு இலை உதிர்த்திருந்த காலம், மேலிருந்து தரை தெளிவாகத் தெரிந்தது. முதலில் அண்ணையின் நீலச் சேர்ட் தெரிந்தது. பிறகு ஓடைக்குள்ளிருந்து ஏறி வருகிற யானை தெரிந்தது. கூட்டத்தோடு சேராத தனியன்.

 அண்ணை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாடா கட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. கத்தினாலும் கேட்காத தூரம். யானையை ட்ரோனால் விரட்டலாம், ஆனால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? அவர் தலைக்கு மேலே ட்ரோனை இறக்கினேன். நிமிர்ந்து பார்ப்பார், பார்த்தால் ரக்டர் நிற்கிற பக்கம் பறக்கவிட்டு வழி காட்டலாம் என்று நினைத்தேன்.

அண்ணை நிமிரவில்லை. நாடாவைப் போட்டுவிட்டு மரத்தடியில் குப்புற விழுந்தார். இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார்.

“எழும்புங்கோ அண்ணை, எழும்புங்கோ” என்று திரையைப் பார்த்து அழுதேன். இன்னும் கீழே இறக்கினேன். அவர் இன்னும் சுருண்டார். யானை நின்றது, காதை விரித்தது, மறுபடி நடந்தது.

அப்படிக் கிடப்பது எனக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது இரைந்துகொண்டு சுற்றினால் பின்னாலே ஷெல் வரும். அம்மா என்னை முந்திரி மரத்தடியில் அப்படித்தான் அமத்திப் பிடிப்பா. வண்டு போகுமட்டும் அசையக்கூடாது.

இப்போது வண்டு நான்தான். நான் போனால்தான் அவர் எழும்புவார். போனால் அவரும் தெரியமாட்டார், யானையும் தெரியாது. விரல் மறுத்தது. கடவுளே என்று ட்ரோனை உயரத் தூக்கித் திருப்பினேன். திரையில் வெறும் தேக்கங் கொப்புகள். ஷெல்லுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ட்ரோன் வந்து காலடியில் இறங்கியது. காட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நான் நிலத்தில் குந்திவிட்டேன்.

பிறகு ரக்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

அண்ணை ரக்டரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் சருகும் மண்ணும்.

“அண்ணை, உங்களுக்குப் பின்னால யானை வந்தது.”

“யானையோ? நான் காணேல்லை, பிள்ளை.” என் காலடியில் கிடந்த ட்ரோனைப் பார்த்தார். “நான் உதுக்குத்தான் பயந்து ஓடி வந்தனான்.”

ஓடைக் கரையை யானைக்கே விட்டுவிட்டு மேட்டுப் பக்கமாக வேறு பாதை கீறினேன். இப்போதெல்லாம் ட்ரோனைக் கிளப்ப முன் நானே சொல்கிறேன், “ரக்டரை ஸ்டார்ட் பண்ணுங்கோ அண்ணை” என்று. வண்டுச் சத்தத்தை அமுக்குகிற அந்த ரக்டர் இரைச்சல் இப்போது எனக்கும் வேண்டியிருக்கிறது.