ஏழாம் குடிலின் ஈரம்

ஃபிஜித் தீவு ஒன்றிலுள்ள கடற்கரை விடுதியில் பதினெட்டு வருடமாக அறைகளைக் கவனித்துவந்தவள் லோசலினி. கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால், விடுதிக் குடில்களைப் பிரித்து, புயலுக்கும் தாங்கும்படி மேட்டில் கட்டினார்கள். கடைசியாக ஏறியது ஏழாம் குடில். மறுநாளிலிருந்து காலைதோறும் அதன் தரை நனைந்து கிடந்தது.

"கூரை ஒழுகுதுக்கா" என்றான் மேலாளர் அபிசாய்.

லோசலினி ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "மழைத்தண்ணி என்னைக்குப்பா உப்புக் கரிச்சிருக்கு?"

கூரையை இரண்டுமுறை மாற்றியும் ஈரம் போகவில்லை. விருந்தினர் எவரும் அங்கே இரண்டாம் நாள் தங்கவில்லை.

"கிளம்புறப்ப கடல்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று அவள் கேட்டாள். அபிசாய் இல்லையென்று தலையாட்டினான்.

அன்று மாலை இருவரும், அங்கே சடங்குகளில் காணிக்கையாகத் தரும் யங்கோனா வேர்க்கட்டோடு குடிலின் பழைய இடத்துக்குப் போனார்கள். முழங்கால் அளவு நீரில் நின்று, "இடத்தை நீயே வச்சுக்க, நாங்க போறோம்" என்று முறைப்படி வேரைக் கொடுத்து விடைபெற்றார்கள். அலை அதைக் கையில் வாங்குவதுபோல் இழுத்துக்கொண்டது.

தரை காய்ந்தது. ஆட்களும் தங்கினார்கள். ஆனால் கீழே, வெறும் தண்ணீர் கிடக்கும் அந்த இடத்தில், மரப்பலகை மேல் யாரோ நடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"யாருக்கா அது?" என்றான் அபிசாய்.

"யாரோ தங்க வந்திருக்காங்க" என்றாள் லோசலினி, சிரிக்காமல். அதன்பின் அந்தப் பக்கம் அவள் இறங்கவே இல்லை.