பின்பக்கமாக ஏறிய கார்

அம்மாவின் தம்பியான என் மாமா, எங்கள் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரராக இருந்தவர். துரை குதிரையை விற்றுவிட்டு ஹல்துமுல்லைப் பக்கத்திலேயே முதல் ஆளாகப் புதுக்கார் வாங்கியபோது மாமாவையே டிரைவராக்கினார். கொழும்பிலிருந்து வந்த ஒருவன் ஒரு மாதம் கூடவே இருந்து பெட்ரோல் ஊற்றினான், ஓட்டவும் பழக்கினான். அவன் போன மறுநாளே தீனி விஷயத்தை மாமா தன் கையில் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு யார் பாடம் சொல்வது!

கொள்ளில் கல் பொறுக்கிய அதே சிரத்தையோடு, புனலில் துணி விரித்துப் பெட்ரோலை வடிகட்டுவார். பாதித் தகரம் ஊற்றியதும் மூடி வைத்துவிடுவார்.

"மேடு ஏறுற வண்டிக்கு வயித்த ரொப்பக் கூடாது ஆயி, மூச்சு வாங்கிரும்" என்பார். எட்டு வயதுக்காரி எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அப்போது மாமாவுக்கு என் அத்தையைக் கேட்டிருந்தார்கள். அப்பாவின் தங்கை அவள். தாத்தாவோ பிடி கொடுக்கவில்லை. "டிரைவர் வேல நெலைக்கட்டும், பொண்ணு தாறேன். மம்பட்டியோட காலையில பெரட்டுல கூலியாளுக வரிசையில வந்து நின்னா அந்தப் பேச்சே வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பிற்பகல் அத்தை லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எங்கள் முன்னால்தான் பங்களாவுக்கு ஏறும் செங்குத்தான பாதை. துரையோடு வந்த கார் நடு மேட்டில் இருமிவிட்டு நின்றது. மாமா காரைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கி பெரட்டுக்குப் போ!" என்று கத்தினார். குடம் நிரம்பி வழிவதைக்கூட அத்தை கவனிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முரண்டு புடிக்கிற குதிரைய பின்னுக்கு நடத்தித்தான் ஏத்துறதுங்க தொரை" என்றார் மாமா.

காரை அடிவாரம் வரை உருட்டிவந்து திருப்பினார். பின்பக்கமாகவே விட்டார். அம்மாடி, ஓர் இருமல் இல்லாமல் ஏறிவிட்டதே! துரை சிரித்துச் சிரித்து மாமாவின் முதுகில் தட்டியது எங்களுக்குக் கேட்டது. அந்த வாரமே தாத்தா வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்.

பெட்ரோல் குறைந்தால் மேட்டில் அது இயந்திரத்துக்குப் போய்ச் சேராது, திருப்பி நிறுத்தினால்தான் சேரும் என்பதை மாமா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் தினமும் தொட்டி நிறைய ஊற்றினார். ஆனாலும் கார் பின்பக்கமாகத்தான் ஏறியது. துரை கழுத்தைத் திருப்பி வலது, இடது என்று வழி சொல்லிக்கொண்டு போவார். மாமா முன்னால், கீழே பீலியைப் பார்த்தபடியே ஓட்டுவார். நிச்சயமான பெண்ணோடு பேசக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. அத்தை குடத்தின்மேல் குனிந்து சிரிப்பாள். மாமாவின் காரைக் கேலி செய்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மறுவாரமே கார் நேராக மேடேறியது. ஒருவழியாக முரண்டு தீர்ந்துவிட்டது என்று துரையும் நம்பினார், நானும் நம்பினேன்.